பேனா நடந்த தடம்: ஸாப்ஃபினோவை முன்வைத்து வனப்பெழுத்துருக்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு திருமண அழைப்பிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாள், நேரம், மண்டபத்தின் முகவரி ஆகியவை நேராக நிற்கும் சாதாரண எழுத்தில் இருக்கும்; மணமக்களின் பெயர்கள் மட்டும் சாய்ந்தும் வளைந்தும், முதலெழுத்தின் வால் அடுத்த இரண்டு மூன்று எழுத்துகளுக்கு அடியில் ஓடும்படியும் அமைந்திருக்கும். தேர்ந்த கை ஒன்று மைப்பேனாவால் எழுதியதைப் போலத் தோன்றினாலும் அதுவும் அச்செழுத்துதான். ஆயிரம் பிரதிகளிலும் அந்த வால் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில்தான் ஓடுகிறது. காலிகிராஃபி எனப்படும் வனப்பெழுத்துக் கலையின் நடையை அச்சுக்குக் கொண்டுவரும் இத்தகைய எழுத்துருக்களை இக்கட்டுரையில் வனப்பெழுத்துருக்கள் என்று குறிப்பிடுகிறேன். தலைப்பில் உள்ள ஸாப்ஃபினோ, ஹெர்மன் ஸாப்ஃப் என்ற ஜெர்மானிய எழுத்துரு வடிவமைப்பாளர் உருவாக்கிய அத்தகைய எழுத்துருக்களில் ஒன்று.

எழுத்துருக்களை அவை செய்யும் வேலையை வைத்து இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ஒரு நாவலின் முந்நூறு பக்கங்களையும் கண் சலிக்காமல் படிக்க உதவுபவை உரைக்கான எழுத்துருக்கள். அவை தம்மை மறைத்துக்கொண்டு பொருளை முன்னே நிறுத்த வேண்டும். தலைப்பு, பெயர், பட்டம், விருதின் வாசகம் போன்று ஒரு பார்வையில் முடிந்துவிடும் சில சொற்களுக்கு உரியவை காட்சிக்கான எழுத்துருக்கள். அவை தம்மைக் காட்டிக்கொள்ளலாம், காட்டிக்கொள்ளவும் வேண்டும். வனப்பெழுத்துருக்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. பெரிய அளவில், குறைந்த சொற்களில், சடங்கும் மரியாதையும் தேவைப்படும் இடத்தில் நிற்பதற்காகவே அவை வரையப்படுகின்றன.

இவற்றைப் புரிந்துகொள்ளக் கணினியைவிடப் பேனாவிடமிருந்து தொடங்குவது நல்லது. இரண்டு பென்சில்களை அருகருகே வைத்து ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். இரு முனைகளும் தாளைத் தொடும்படி, அவற்றை இணைக்கும் கோடு ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருக்கும்படி பிடித்து, மணிக்கட்டைத் திருப்பாமல் ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்தின் இரண்டு இடங்களில் இரு கோடுகளும் நன்றாக விலகியும், வேறு இரண்டு இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டும் போவதைக் காண்பீர்கள். இடையிலுள்ள வெளியை மையால் நிரப்பினால், பட்டை முனைப் பேனாவால் எழுதிய ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து கிடைத்துவிடும். அங்கே தடிப்பையும் மெலிவையும் தீர்மானிப்பது கை எந்தத் திசையில் போகிறது என்பது மட்டுமே. அழுத்தத்துக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

கூர்முனைப் பேனாவின் கதை வேறு. அதன் முனை நடுவில் பிளந்து இரண்டு மெல்லிய நாக்குகளாக இருக்கும். கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் நாக்குகள் விரிந்து கோடு தடிக்கும். மேல்நோக்கித் தள்ளும்போது அழுத்தினால் முனை தாளில் குத்திக்கொள்ளும் என்பதால் கை தானாகவே இலகுவாகி, கோடு நூலைப் போல மெலிந்துவிடும். ஆகவே, ஒரு வனப்பெழுத்துருவைப் பார்த்தவுடன் அது திசையால் தடித்ததா, அழுத்தத்தால் தடித்ததா என்று கேட்டுக்கொண்டால் அது எந்தக் குலத்தைச் சேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பட்டை முனைக் குலத்தின் மூத்த நடைகளில் ஒன்று, பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் ரோம் நகரில் போப்பாண்டவரின் அலுவலகத்தில் கடிதங்களை எழுதிய எழுத்தர்களிடம் செழித்தது. வேகமாகவும் அழகாகவும் எழுத வேண்டிய கட்டாயத்தில் அவர்களுடைய எழுத்து சற்றே சாய்ந்து, ஒடுங்கி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடியது. அவர்களுள் ஒருவரான லுடோவிகோ அரிகி, அந்த நடையைப் பொதுமக்களும் கற்பதற்காக 1522-ஆம் ஆண்டைத் தாங்கிய ஒரு சிறு பயிற்சி நூலை மரக்கட்டையில் செதுக்குவித்து அச்சிட்டார். அதற்கும் முன்பே, 1501-இல், வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் இத்தகைய சாய்ந்த கையெழுத்தைத் தழுவிய அச்செழுத்தைக் கொண்டு முழு நூல் ஒன்றை அச்சிட்டிருந்தார். அதற்கான அச்சுகளை வெட்டியவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. இன்று நாம் இத்தாலிக் என்று அழைக்கும் சாய்வெழுத்தின் பிறப்பு அதுதான். கணினியில் சாய்வு என்ற பொத்தானை அழுத்தினால் நேரெழுத்து அப்படியே சரிந்து விழுவதை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்: உண்மையான இத்தாலிக் என்பது வேறு பேனா நடையில் தனியாக வரையப்பட்ட வேறு எழுத்து. அதே பொத்தானால் தமிழ் எழுத்தைச் சாய்த்து, அதனை அலங்காரம் என்று அழைப்பிதழில் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது. எழுத்தாணியின் கீறல் எந்தத் திசையிலும் ஏறக்குறைய ஒரே தடிப்பில் ஓடும். அதன் அழகு வளைவில் இருக்கிறது, சாய்வில் இல்லை.

கூர்முனைக் குலம் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வணிகத்தோடு சேர்ந்து வளர்ந்தது. கணக்கேடும் வணிகக் கடிதமும் எழுதத் தெரிந்த இளைஞர்களுக்கு வேலை கிடைத்ததால், எழுத்துப் பயிற்சி ஆசிரியர்களுக்கு நல்ல மதிப்பு இருந்தது. அவர்கள் கற்பித்த உருண்டையான, தொடர்ச்சியான நடைக்கு ரவுண்ட்ஹேண்ட் என்று பெயர். அவர்களுடைய மாதிரிகள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டதால் அந்த நடைக்குக் காப்பர்பிளேட் என்ற மற்றொரு பெயரும் நிலைத்தது. ஜார்ஜ் பிக்கம் என்ற செதுக்குநர் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெருந்தொகுப்பில் இருபதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் எழுத்துகள் உள்ளன. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தகட்டில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். செதுக்குளியால் பேனாவைவிட மெல்லிய கோட்டையும் போட முடியும். எனவே, பேனாவைப் பார்த்துச் செதுக்கிய எழுத்து பேனாவையே மிஞ்சியது; பிறகு மாணவர்கள் அந்தச் செதுக்கலைப் பார்த்துப் பேனாவால் எழுதப் பழகினார்கள். இன்றைய திருமண அழைப்பிதழில் காணும் மயிரிழைக் கோடுகளில் பேனாவுக்கும் பங்குண்டு, உளிக்கும் பங்குண்டு.

செப்புத் தகட்டில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே படமாகச் செதுக்கப்படுவதால் எந்த எழுத்தும் எங்கும் நீளலாம். தனித்தனி ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறைக்கு இந்த நடையைக் கொண்டுவரும்போதுதான் சிக்கல் தொடங்கியது. ஈய எழுத்து என்பது ஒரு சிறு செவ்வகக் கட்டையின் தலையில் நிற்கும் உருவம். கட்டைக்கு வெளியே அந்த உருவம் நீண்டால், நீண்ட பகுதி அந்தரத்தில் தொங்கும். பக்கத்துக் கட்டையின் தோளில் அது சாய்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் ஒடிந்துவிடும். நன்கு சாய்ந்த நடையிலோ பெரும்பாலான எழுத்துகள் இப்படித்தான் நீளும். இதற்காகச் சில வார்ப்பகங்கள் கட்டையையே சாய்சதுரமாக வார்த்தன. ஒரு எழுத்தின் முடிவுக் கோடும் அடுத்த எழுத்தின் தொடக்கக் கோடும் சந்திக்கும் இடத்தில் கட்டைகளுக்கிடையே சிறு இடைவெளி விழுந்தாலும், தொடர்ந்து எழுதியது போன்ற மாயை அங்கேயே அறுந்துவிடும். பழைய அழைப்பு அட்டைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இந்த அறுந்த மூட்டுகளைக் காணலாம்.

ஈயக் கட்டை மறைந்து, ஒளிப்படச் சுருளிலிருந்து எழுத்துகளைக் கோக்கும் முறை வந்தபோது இந்தத் தளை நீங்கியது. ஒளிக்குக் கட்டை கிடையாது. ஒரு எழுத்தின் நிழல் மற்றொன்றின் மேல் விழுவதற்கு எந்தத் தடையும் இல்லை. அச்சுக்கோப்பு இயந்திரங்களையும் எழுத்துருக்களையும் தயாரித்த லைனோடைப் நிறுவனத்துக்காக மேத்யூ கார்ட்டர் 1966-இல் உருவாக்கிய ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் இந்த விடுதலையின் முதல் நல்ல விளைவுகளில் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் எழுத்துப் பயிற்சி அளித்த சார்லஸ் ஸ்னெல் என்பவரின் நடையை அது பின்பற்றுகிறது. ஒவ்வொரு சிறிய எழுத்தும் ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில் அடுத்ததைச் சந்திப்பதால் மூட்டு எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளில் இந்த எழுத்துரு இன்றும் உடன் வருகிறது.

இந்த ஒழுங்குக்கு ஒரு விலை உண்டு. கை ஒரே எழுத்தை இரண்டு முறை ஒரே மாதிரி எழுதுவதில்லை. அச்சு அதையே திரும்பத் திரும்பப் பதிக்கிறது. ரவுண்ட்ஹேண்ட் ஆசிரியர்கள் ஒழுங்கையே அழகாகக் கருதியதால் அவர்களுடைய நடை இந்தத் திரும்பத் திரும்ப வருதலைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் சொல்லுக்குச் சொல் வால் நீண்டும் குறுகியும், ஒரு எழுத்து அடுத்ததைத் தாண்டிப் பாய்ந்தும் செல்லும் சுதந்திரமான வனப்பெழுத்தில் ஒரே வால் இரண்டு முறை வந்தால் போதும், குட்டு உடைந்துவிடும். ஹெர்மன் ஸாப்ஃப் தம் வாழ்நாளின் பெரும்பகுதி காத்திருந்தது இந்தச் சிக்கல் தீர்வதற்காகத்தான்.

ஸாப்ஃப் 1918-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் பிறந்தார். எழுத்துக் கலையைப் பள்ளி எதிலும் பயிலாமல் நூல்களைப் பார்த்துத் தாமே கற்றவர். பலட்டினோ, ஆப்டிமா ஆகிய எழுத்துருக்களை வரைந்தவர் என்று சொன்னால் கணினி வைத்திருக்கும் பலருக்கும் அவரைத் தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தின் வரைபடப் பிரிவில் பணியாற்றிய அவர், 1944-இல் தம் குறிப்பேட்டில் ஒரு வனப்பெழுத்து அரிச்சுவடியை எழுதிப் பார்த்திருந்தார். போருக்குப் பிறகு ஃபிராங்க்ஃபர்ட்டின் ஸ்டெம்பெல் வார்ப்பகத்துக்காக விர்ச்சுவோசா என்ற வனப்பெழுத்துருவை வரைந்தபோது, ஈயக் கட்டையின் எல்லைக்குள் தம் வீச்சுகளை அடக்க வேண்டியிருந்தது. அது அவருக்கு நிறைவு தரவில்லை.

1993-இல் டேவிட் சீகல் என்ற அமெரிக்கர் அவருக்குக் கடிதம் எழுதினார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஏராளமான மாற்று வடிவங்களைக் கொண்ட ஓர் எழுத்துருவை உருவாக்க வேண்டும் என்பது சீகலின் விருப்பம். ஸாப்ஃப் தயங்கினாலும், குறிப்பேட்டின் அந்தப் பழைய பக்கம் நினைவுக்கு வந்ததால் ஒப்புக்கொண்டார். ஜினோ லீ என்ற நிரலாளரும் சேர்ந்துகொண்டார். வேலை பாதிக்கு மேல் நடந்த நிலையில் சீகல் விலகிச் சென்றுவிட, ஸாப்ஃப் அதை லைனோடைப் நிறுவனத்திடம் கொண்டுபோனார்; 1998-இல் ஸாப்ஃபினோ வெளிவந்தது. குறிப்பேட்டில் எழுதியதற்கும் எழுத்துரு வெளிவந்ததற்கும் இடையே ஐம்பத்து நான்கு ஆண்டுகள். அப்போது அவருக்கு எண்பது வயது.

முதற்பதிப்பில் நான்கு அரிச்சுவடிகள் இருந்தன. ஒரே எழுத்து ஒன்றில் அடக்கமாகவும் மற்றொன்றில் நீண்ட வாலோடும் இருக்கும். எழுதுகிறவர் சொல்லைப் பார்த்து, எந்த இடத்தில் எந்த வடிவம் பொருந்தும் என்று கையால் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு அது சுகமான வேலை, மற்றவர்களுக்குத் தண்டனை. பிறகு ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தோடு சேர்த்து வழங்கிய பதிப்பில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் ஒரே கோப்புக்குள் அடைக்கப்பட்டு, தேர்ந்தெடுக்கும் வேலையில் பெரும்பகுதி எழுத்துருவிடமே ஒப்படைக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின், ஜப்பானிய எழுத்துரு வல்லுநர் அகிரா கோபயாஷியுடன் சேர்ந்து ஸாப்ஃப் அதை விரிவாக்கினார். ஸாப்ஃபினோ எக்ஸ்ட்ரா என்ற அந்தப் பதிப்பு, மாற்று வடிவங்களையும் அவற்றைத் தேர்வதற்கான விதிகளையும் எழுத்துருக் கோப்புக்குள்ளேயே வைக்கும் ஓப்பன்டைப் முறையைப் பயன்படுத்துகிறது.

எழுத்துரு எப்படித் தானே தேர்ந்தெடுக்கும் என்ற கேள்வி இங்கே எழும். இதை விளக்கத் தமிழைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ‘கு’ என்று நீங்கள் தட்டச்சு செய்யும்போது கணினி அதனை ஒரே எழுத்தாகச் சேமிப்பதில்லை. ‘க’ என்ற குறியீட்டையும் உகரக் குறிக்கான குறியீட்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்கிறது. ‘இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் இந்த ஒரு வடிவத்தைக் காட்டு’ என்று எழுத்துருவுக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. ‘டு’, ‘மு’, ‘கூ’ எல்லாமே இப்படி அட்டவணையின் வழியாகத் திரைக்கு வருபவைதான். சேமித்த குறியீடு வேறு, காட்டும் வடிவம் வேறு என்ற இந்தப் பிரிவினைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தமிழில் அந்த மாற்றம் நிகழாவிட்டால் எழுத்தே பிழையாகிவிடும். ஸாப்ஃபினோவில் அதே வகையான அட்டவணை அழகுக்காக இயங்குகிறது: சொல்லின் முதலில் வரும் எழுத்துக்கு ஒரு வடிவம், இறுதியில் வரும் எழுத்துக்கு வால் நீண்ட வடிவம், இரண்டு ‘எஃப்’ அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் ஒரே வீச்சில் எழுதிய கூட்டெழுத்து. மேக் கணினியில் இந்த எழுத்துருவைத் தேர்ந்து, அதன் பெயரையே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து பாருங்கள். ஏழாவது எழுத்து விழுந்த கணத்தில் முழுச்சொல்லும் ஒரே உருவமாக, முத்திரையைப் போல மாறிவிடும். பின்னோக்கி ஓர் எழுத்தை அழித்தால் பழைய எழுத்துகள் திரும்பி வரும். இந்த விளையாட்டில் நான் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கூர்முனைக் குலத்திலும் இதே முறையைப் பயன்படுத்திய எழுத்துரு உண்டு. அடோபி நிறுவனத்துக்காக ரிச்சர்ட் லிப்டன் வரைந்த பிக்கம் ஸ்கிரிப்ட், முன்பு குறிப்பிட்ட பிக்கமின் செப்புத் தகடுகளைத் தழுவியது. அதன் ஓப்பன்டைப் பதிப்பில் ஒரே பெரிய எழுத்துக்கு அடக்கமானது முதல் ஆர்ப்பாட்டமானது வரை பல வடிவங்கள் கிடைக்கின்றன. பணம் கொடுத்து வாங்க வேண்டாம் என்பவர்களுக்கு, பின்யன் ஸ்கிரிப்ட், கிரேட் வைப்ஸ் ஆகியவை கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. மாற்று வடிவங்களின் செழுமையில் அவை ஸாப்ஃபினோவுக்கு ஈடாகா. ஆனால் இரண்டு பெயர்களை அச்சிட அவையே தாராளம்.

பயன்படுத்தும்போது செய்யக்கூடாதவற்றை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உறவினர் ஒருவரின் புதுமனை புகுவிழா அழைப்பிதழுக்கு வீட்டின் பெயரை ரவுண்ட்ஹேண்ட் வகை எழுத்துரு ஒன்றில், கம்பீரமாக இருக்கட்டும் என்று முழுவதும் பெரிய எழுத்துகளாகவே அமைத்துக் கொடுத்தேன். வந்தவர்களில் பாதிப் பேரால் அந்தப் பெயரைப் படிக்க முடியவில்லை. காரணம் எளியது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இந்த நடையில் சொல்லின் வாசலில் ஒருமுறை மட்டும் நிற்பதற்காக வரையப்பட்டவை. வாசற்கதவின் வேலைப்பாட்டை வீட்டின் ஒவ்வொரு சாளரத்திலும் செய்தால் வாசல் எது என்று தெரியாமல் போகும். தொடர்ந்து பின்னிச் செல்ல வேண்டியவை சிறிய எழுத்துகளே; பெரியவை ஒன்றோடொன்று இணைவதில்லை, அவற்றின் சுருள்கள் ஒன்றையொன்று மோதிக்கொள்ளும்.

அதே அழைப்பிதழில் மற்றொரு பாடமும் கிடைத்தது. பெயரைத் தங்க ஃபாயிலில் அச்சிடக் கேட்டபோது, அச்சகத்துக்காரர் கோப்பைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “சார், இந்த மெல்லிசு கோடு ஃபாயில்ல நிக்காது” என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது. தடித்த கோடுகள் மட்டும் ஒளிர, அவற்றை இணைக்க வேண்டிய மயிரிழைகள் அங்கங்கே விட்டுப்போயின. கரிய பின்னணியில் வெள்ளை எழுத்தாக அச்சிடும்போது இதற்கு நேர்மாறாக, சுற்றியுள்ள மை பரவி மெல்லிய கோட்டை விழுங்கிவிடும். எழுத்தின் அளவைக் கூட்டுவது இரண்டுக்கும் பொதுவான மருந்து. அளவைக் கூட்ட இடம் இல்லை என்றால், மெலிவும் தடிப்பும் அதிகம் வேறுபடாத பட்டை முனைக் குலத்து எழுத்துரு ஒன்றுக்கு மாறிவிடலாம்.

சொல்லின் எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவது மற்றொரு தவறு. தனித்து நிற்கும் எழுத்துகளில் அது நிதானமான தோற்றத்தைத் தரும். ஆனால் இணைந்து ஓடும் எழுத்துகளில் ஒவ்வொரு மூட்டும் பிய்ந்துவிடும். வரிகளுக்கு இடையிலோ தாராளமாக இடம் விட வேண்டும். ஸாப்ஃபினோவின் சிறிய எழுத்துகளின் உடல் சிறியது, மேலும் கீழும் நீளும் வீச்சுகள் மிகப் பெரியவை. இரண்டு வரிகளை நெருக்கி வைத்தால் மேல்வரியின் வால் கீழ்வரியின் கொம்பில் சிக்கிக்கொள்ளும். அளவையும் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல் கண்ணால் பார்த்து முடிவு செய்வது நல்லது, ஏனெனில் ஒரே பாயிண்ட் அளவிலும் ஓர் எழுத்துருவின் உடல் மற்றொன்றைவிட மிகச் சிறிதாகத் தோன்றக்கூடும்.

மாற்று வடிவங்கள் கையில் கிடைத்தவுடன் எல்லா எழுத்துக்கும் வால் போடத் தோன்றும். ஸாப்ஃப் எழுதிக் காட்டிய மாதிரிகளைப் பார்த்தால், பெரும்பாலான எழுத்துகள் அமைதியாக இருக்க, ஒன்றிரண்டு மட்டுமே வீசி எழுவதைக் கவனிக்கலாம். வெற்றிடம் உள்ள பக்கம் பார்த்து வாலை நீட்டுவது அவருடைய பழக்கம்: சொல்லின் முடிவில் வலப்புறம் காலியாக இருந்தால் அங்கே, கீழ்வரியில் ஒரு குறுகிய சொல் வந்து இடம் கிடைத்தால் அங்கே. முகவரி, நாள், தொலைபேசி எண் ஆகியவற்றை இந்த எழுத்துருவில் போடவே கூடாது. அவற்றுக்கு நேராக நிற்கும், ஆரவாரமற்ற உரை எழுத்துரு ஒன்றைத் துணையாக வைத்துக்கொள்ள வேண்டும். துணைக்கு மற்றொரு வனப்பெழுத்துருவைத் தேர்வது, ஒரே மேடையில் இரண்டு கச்சேரிகளை ஒரே நேரத்தில் நடத்துவதற்கு ஒப்பாகும்.

அச்சுக்கு அனுப்பும் முன், அழைப்பிதழை அதன் உண்மையான அளவில் தாளில் எடுத்து, அந்தக் குடும்பத்தின் பெயர்களை முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த எழுத்தில் தடுக்கி நிற்கிறாரோ, அந்த எழுத்தின் மாற்று வடிவத்தை எடுத்துவிட்டு, அடக்கமான வடிவத்தை வையுங்கள்.